அரைக்கால்

வெள்ளக்கடைப் பக்கமிருந்து மேனகாவின் எக்ஸ்.எல். வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டாலே இலக்கியாவுக்குக் காதுமடல் சுடும். வந்து இறங்குவாள். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறுவாள். காப்பிச் செடிகளை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்ப்பாள்.

"இன்னிக்கு மருந்து பதினோரு டிரம்மு ஆவும், மூக்கண்ணா. துத்தம் இருவத்திரண்டு கிலோ எடுத்தாங்க."

அவ்வளவுதான். காகிதம் கிடையாது, போன் கிடையாது, விரல் மடக்குவதுகூடக் கிடையாது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் பதினோரு டிரம்தான் காலியாகியிருக்கும்.

பத்தாவதோடு நின்றவள் மேனகா. இலக்கியா பி.ஏ. தமிழ், முதல் வகுப்பு. மூன்று வருஷம் சேலத்துக்கு முதல் பஸ்ஸில் இறங்கி, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கி, கடைசி பஸ்ஸில் ஏறிப் படித்த படிப்பு. அவர்கள் லைன் வீடுகளில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

கொட்டச்சேட்டுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் ரைட்டர் வேலை காலியாகியிருந்தது. காலையில் ஆட்களைப் பிரித்துவிட வேண்டும், மருந்து கலக்குவதைப் பார்க்க வேண்டும், சாயங்காலம் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மேனேஜர் லாசர் இரண்டு பெண்களையும் கூப்பிட்டார். "மழைக்கு முந்தின மருந்தடிப்பு முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பாருங்க. அப்புறம் யாருன்னு சொல்றேன்" என்றார். வேலை கிடைக்காவிட்டால் இலக்கியாவுக்கு வேறு வழி இல்லை. வரும் நவம்பரில் அம்மா கனகாவோடு இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கப் போகவேண்டியதுதான். பட்டம் வாங்கிய அன்று லைன் முழுக்க லட்டு கொடுத்தவர் அப்பா. அதே லைன் வழியாகப் பையைக் கட்டிக்கொண்டு நடப்பதை நினைத்தாலே அவளுக்குக் கூசியது.

மேனகாவைவிட எல்லாம் தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். ஒன்றைத் தவிர. கணக்கு.

எட்டாம் வகுப்பில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தன. ஒன்று இத்தனை வேகம், மற்றொன்று அத்தனை வேகம், எங்கே சந்திக்கும்? இலக்கியா அதுவரை ரயிலைப் பார்த்ததே இல்லை. அந்த மலையில் ரயில் கிடையாது. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு பலகை முன்னால் நின்றாள். "உனக்கெதுக்கு இதெல்லாம்? காப்பிப் பழம் பொறுக்கக் கணக்கு எதுக்கு?" என்றார் வாத்தியார். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து யாராவது ஓர் எண்ணைச் சொல்லி இன்னோர் எண்ணைக் கேட்டால் அவள் காதுக்குள் ஒரு வண்டு சுற்ற ஆரம்பித்துவிடும். பத்தாவதில் முப்பத்தாறு மார்க். அரசு வேலைப் பரீட்சையில் தமிழ்ப் பகுதி முழுக்கச் சரியாக எழுதியவள், கணக்கு இருபத்தைந்து கேள்விக்கும் ஒரே எழுத்தின் வட்டத்தைக் கறுப்படித்துவிட்டு வெளியே வந்தாள். அம்மாவின் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்து எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டால்கூட, "தீந்தா வாங்கிக்கலாம்" என்பாள்.

போனில் கால்குலேட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எதை எதால் வகுப்பது என்று அது சொல்லாதே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அப்பா பாலகுமார். மருந்தடிக்கும் செட்டுக்கு அவர்தான் மூத்த ஆள். இருபது வருஷமாக ஓஸ் பைப்பைத் தோளில் போட்டுச் சரிவில் ஏறி இறங்குகிறவர். அந்தத் தோள்தான் இலக்கியாவைப் படிக்க வைத்தது. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்:

"அந்தக் குழந்தைவேலு மக மேனகா இருக்குதே, நொம்பக் கெட்டிக்காரி. கண்ணால பாத்தே சொல்லிப்போடுது. அதெல்லாம் கருவுலயே வரோணும்."

இலக்கியா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"ஏங் கண்ணு, போதுமா?"

"போதும். வயிறு ரொம்பிப் போச்சு."

*

மருந்து என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு வாளியில் மயில்துத்தம், இன்னொரு வாளியில் சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து டிரம்மில் ஒன்றாக ஊற்றினால் வானத்து நீலத்தில் ஒரு பால் வரும். மழைக்கு முன்னால் அதை இலையில் பூசிவிட்டால் இலைத்துரு நோய் அண்டாது. இருநூறு லிட்டர் டிரம்முக்குத் துத்தம் இரண்டு கிலோ, சுண்ணாம்பு இரண்டு கிலோ. கலந்த பிறகு அரிவாள் நுனியை முக்கிப் பார்ப்பார்கள். இரும்பில் செம்புச் சிவப்பு ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. பளிச்சென்று வந்தால் சரி. இருநூறு, இரண்டு, இரண்டு என்பதை இலக்கியா மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். செய்யுள் போல.

இரண்டாவது வாரம் மேல்காட்டில் அந்தச் செய்யுள் காலை வாரிவிட்டது. அங்கே கிடந்தது ஒரு பழைய நீல டிரம். வாய்க்குக் கொஞ்சம் கீழே வெடித்திருந்தது. வெடிப்பு வரைக்கும்தான் தண்ணீர் நிற்கும். மேனகா அன்றைக்குக் கிளியூர்ப் பக்கத்துக் காட்டில் இருந்தாள். கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்து, கடித்து, கடைசியில் போன் போட்டாள்.

"அந்த ஒடசல் டிரம்மா?" என்றாள் மேனகா. பின்னால் மோட்டார் இரைச்சல். "அதுக்கு எல்லாத்துலயும் அரைக்கால் கொறச்சுப் போடு. அவ்ளோதான். வெச்சறட்டுமா?"

அரை, கால். அரை போனால் ஒரு கிலோ. இன்னொரு கால் போனால் அரைக்கிலோ. காதுக்குள் வண்டு சுற்றியது. டிரம்மை ஒருதரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். தண்ணீர் கழுத்து வரை தளும்பி நின்றது. ஆனால் எண் என்று வந்துவிட்டால் அவள் கண்ணை மூடிக்கொள்கிறவள். துத்தம் அரைக்கிலோ, சுண்ணாம்பு அரைக்கிலோ என்று சத்தமாகச் சொன்னாள்.

அப்பா கலக்கிவிட்டுக் குச்சியைத் தூக்கிப் பார்த்தார். "வெளுத்தாப்புல இருக்குதே, கண்ணு?"

"அருவாள முக்கிப் பாருங்க."

முக்கினார். இரும்பு பளிச்சென்று வந்தது. வராமல் என்ன? இரண்டையும்தான் ஒரே அளவு குறைத்திருக்கிறாளே.

"அப்புறம் என்ன? நான் சொன்னா சரியாத்தான் இருக்கும். அடிங்க."

"சரி, அடிங்கப்பா. படிச்ச புள்ள சொல்லுது" என்று செட்டுக்குச் சொல்லிவிட்டு அவர் பைப்பைத் தோளில் போட்டார்.

மூன்று டிரம் அடித்து முடித்த பிறகுதான் மேனகா வந்தாள். வண்டியை விட்டு இறங்காமலே செடியைப் பார்த்தாள். ஓர் இலையைக் கிள்ளித் திருப்பினாள். "இலையில நீலமே ஒட்டலையே? எவ்ளோ போட்ட?"

"நீ சொன்னதத்தான் போட்டேன். அரைக்கிலோ."

"அரைக்கிலோவா! ஒண்ணே முக்கா போட்டிருக்கோணும், புள்ள."

"அரைக்கால் கொறைன்னு சொன்னியா இல்லையா? அரையும் காலும் முக்கா. ரெண்டு கிலோவுல முக்காப் பங்கு போனா அரைக்கிலோதான மிஞ்சும்?" இலக்கியாவின் குரல் கீச்சென்று ஏறியது. "வேணும்னேதான அப்படிச் சொன்ன? என்னையத் தப்புப் பண்ண வெக்கத்தான?"

மேனகா முழித்தாள். அதுதான் இலக்கியாவை இன்னும் எரித்தது. அந்த முழியில் கள்ளம் இல்லை.

"அரைக்கால்னா கால்ல பாதி, இலக்கியா. எட்டுல ஒண்ணு. எங்க ஊட்டுல சாமை அளந்தாலே அரைக்கால் வள்ளம், கால் வள்ளம்னுதான சொல்லுவோம்?"

வாளி கழுவிக்கொண்டிருந்த மூக்கன் இந்தச் சமயத்துக்குத்தான் காத்திருந்தவன்போல வாயைத் திறந்தான். "ஏஞ் சாமி, அரைக்கால் டவுசரு பாத்ததில்லையா? அது முக்காலுக்கு எறங்கிச்சுன்னா அப்புறம் அது பேண்ட்டு!"

ஆறு ஆட்களும் சிரித்தார்கள். ஐந்து ஆட்கள் என்று சொல்ல வேண்டும். அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால், அடித்த அதே சரிவில் அதே பைப்போடு மறுபடி ஏறினார். பாதி வழியில் நின்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரிஜிஸ்டரில் 'மேல்காடு, மறு தெளிப்பு' என்று எழுதச் சொன்னார் லாசர். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதையும் அவர் சொன்னார். அது பாராட்டா குத்தலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பகலில் கழுத்துவரை ஆத்திரத்தோடு ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சட்னியை அரைத்தாளா மேனகாவை அரைத்தாளா என்று சொல்ல முடியாது. கையின் சுற்றுக்கு ஒன்றாக வாய் தானாக அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. அரைக்கால். அரைக்கால். அரைக்கால்.

கை நின்றது.

அரைக்கால். நடுவில் ஒரு க்.

அரையும் காலும் என்றால் அது உம்மைத்தொகை. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. இரவுபகல், வெற்றிலைபாக்கு. 'வெற்றிலைப்பாக்கு' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பார்கள். அரையும் காலுமாக இருந்தால் 'அரைகால்' என்றுதான் வர வேண்டும். அந்த 'க்' அங்கே நின்றுகொண்டு, இது கூட்டல் இல்லையடி, காலில் அரை, காலில் அரை என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. இலக்கணத் தாளில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவளின் காதில் அது விழவில்லை. எண் என்றதும் காதையும் மூடிக்கொண்டாளா?

நெற்றியில் அடித்துக்கொண்டாள். சட்னி நெற்றியில் ஒட்டியது.

எழுந்து குண்டாவில் தண்ணீர் பிடித்தாள். சரியாக எட்டு டம்ளர் பிடித்தது. பாதியை ஊற்றினாள், நாலு. அதில் பாதி, இரண்டு. அதில் பாதி, ஒன்று. எட்டில் ஒன்று. அரை, கால், அரைக்கால். அப்போதுதான் விளங்கியது: மேனகா வகுப்பதே இல்லை. பெருக்குவதும் இல்லை. அவள் செய்வதெல்லாம் பாதியாக்குவது மட்டும்தான். பாதி, அதில் பாதி, அதில் பாதி. சின்ன வயதிலிருந்து வள்ளத்தில் தானியம் அளந்த கை, அதனால் கண்ணே அளக்கிறது. கருவிலே வந்ததாம், கரு! இலக்கியா அளக்க இந்த வீட்டில் என்ன விளைந்தது? இருப்பது லைன் வீடு, வாசலில் ஒரு கருவேப்பிலைச் செடி. அளந்து பழக அவர்களுக்கு நிலம் எங்கே இருந்தது?

அந்தக் கோபம் நல்லதாகப் போயிற்று. காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பி எழுத உட்கார்ந்தாள். இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் துத்தம், கிலோவைக் கிராமாக்கி.

இருநூறு, இரண்டாயிரம். நூறு, ஆயிரம். ஐம்பது, ஐந்நூறு. இருபத்தைந்து, இருநூற்றைம்பது.

வண்டு சுற்றுமென்று காத்திருந்தாள். சுற்றவில்லை. தாளை எட்டப் பிடித்துச் செய்யுளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எதுகை எங்கே, மோனை எங்கே என்று தேடிப் பழகிய கண். ஒவ்வோர் அடியிலும் வலது பக்கம் இடது பக்கத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சைபர் மட்டும் கூட.

இதுதானா? எட்டாம் வகுப்பிலிருந்து இதற்கா நடுங்கினேன்?

"என்ன புள்ள, தனியாச் சிரிக்கற?" என்றாள் கனகா வெளியிலிருந்து. "சட்னி ஆச்சா?"

அடுத்த நாளிலிருந்து இலக்கியா மேனகாவின் பக்கத்திலேயே நின்றாள். சிநேகிதம் என்று ஆட்கள் நினைத்தார்கள். சிநேகிதமாவது! திருட வந்தவள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனகா ஒரு டிரம்முக்குச் சொல்வதற்கு முன்னால் தானும் தண்ணீரைக் கண்ணால் மதிப்பிட்டு மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். முதலில் பத்துக்கு மூன்று சரியாக வந்தது. பிறகு ஏழு. தப்பாக வந்த அன்று ராத்திரிச் சோறு இறங்காது. ஒருநாள் நூற்றிருபது லிட்டர் பேரலுக்கு மேனகா "ஒண்ணேகால் போடுங்க" என்றாள். ஆயிரத்து இருநூறு, என்றது இலக்கியாவின் மனசு. முதல் தடவையாக மேனகா தப்பு, தான் சரி. சந்தோஷம் அரை நிமிஷம்தான் நின்றது. ஒண்ணேகாலுக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் வித்தியாசம் ஐம்பது கிராம். பாவி, தப்புகூட இத்தனை சரியாகவா செய்வாள்?

*

மருந்தடிப்பின் கடைசி நாள், காப்பியை வெளிநாட்டுக்கு அனுப்பச் சான்றிதழ் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் டேப்லெட் கணினி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். லாசர் இரண்டு பெண்களையும் டிரம்முக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்தே இலக்கியாவுக்குப் புரிந்துவிட்டது. ரைட்டர் யாரென்பது இன்றைக்குத்தான்.

அந்த அம்மா மேனகாவிடம் கேட்டார். "மருந்து என்ன அளவுல கலக்கறீங்க?"

"டிரம்முக்கு ரெண்டு கிலோங்க."

"டிரம் கணக்கு வேண்டாம்மா. ஒரு லிட்டர் தண்ணிக்கு எத்தனை கிராம்?"

மேனகா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "நூறு லிட்டருக்கு ஒரு கிலோங்க. அம்பதுக்கு அரை. இருவத்தஞ்சுக்குக் கால். பன்னண்டரைக்கு அரைக்கால். ஆறேகாலுக்கு வீசம்." மூச்சு விட்டாள். "மூணே அரைக்காலுக்கு... அரை வீசம். அதுக்கும் கீழ..."

நின்றுவிட்டாள். கண் டிரம்மின் மேல் அலைந்தது. கையில் இருந்த துண்டைத் திருகினாள்.

பாதி பாதியாகப் போனால் ஒன்று வரவே வராது. இலக்கியாவுக்கு அது அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியும். இருபத்தைந்தோடு அவள் தாளை மூடியது அதனால்தான். மேனகாவின் காதுமடல் சிவப்பதைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. அந்த வண்டுதான், இன்றைக்கு வேறு காதில். அவசரப்படவில்லை. மேல்காட்டு நாளிலிருந்து பன்னிரண்டு நாள் எரிந்ததற்கு இன்னும் கொஞ்சம் குளிர்காய்ந்தாள். அப்பா அரிவாளோடு அந்தப் பக்கம் நிற்பதையும் பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"பத்து கிராமுங்க."

"எப்படி?"

"நூறு லிட்டருக்கு ஆயிரம் கிராமுங்க. எத்தனை லிட்டரோ அதுக்குப் பின்னால ஒரு சைபர் போட்டா அத்தனை கிராம். எந்த டிரம்மா இருந்தாலும் அதேதான். ஒடசல் டிரம்மா இருந்தாலும்."

மூக்கன் தொண்டையைச் செருமினான். அந்த அம்மா டேப்லெட்டில் எழுதிக்கொண்டார். "குட். இத உங்க ரிஜிஸ்டர்லயும் எழுதி வைங்க."

லாசர் கக்கத்தில் வைத்திருந்த ரிஜிஸ்டரை எடுத்து இலக்கியாவிடம் நீட்டினார். "எழுதும்மா. இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்." பிறகு மேனகாவைப் பார்த்து, "நீ மருந்தடிப்பு சீசனுக்கு வந்து பாத்துக்க, என்ன?" என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. பழப்பை போயிற்று, ரிஜிஸ்டர் வந்தது. இலக்கியா உடனே மேனகாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு துளி எரிச்சல், ஒரு துளி ஏக்கம் தெரிந்தால் போதும், இந்த ஒரு மாதத்துக்கும் மனசு ஆறிவிடும்.

மேனகா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "அட, ஒரு சைபர்தானா! நான் பாரு, கீழ கீழ எறங்கிக் கெணத்துல உழுந்துட்டேன். எப்படிப் புள்ள கண்டுபுடிச்ச? எனக்குந் தோணவேயில்லையே!"

"உனக்கு வருத்தமில்லையா?"

"இருக்குதுதான். என்ன பண்றது? எங்கப்பாரு ஆரஞ்சுக் காட்டுக்கு ஆளில்லாமக் கத்திக்கிட்டிருக்காரு. அங்க போறேன்."

நிலம் இருக்கிறவளுக்குத் தோற்பது லேசு, என்று இலக்கியா நினைத்தாள். உண்மைதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நிலம் மட்டும் காரணமில்லை என்றும் தெரிந்தது. அப்படிச் சிரிக்க இவளால் ஏழு பிறவிக்கும் முடியாது. அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

அப்பா வந்தார். டிரம் எட்டாத மூலைச் செடிகளுக்கு அடிக்கும் கைத்தெளிப்பானை முதுகிலிருந்து இறக்கி வைத்தார். மகளின் கையில் இருந்த ரிஜிஸ்டரைப் பார்த்தார். அட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தன் துண்டு நுனியால் துடைத்தார்.

"ரைட்டரம்மா," என்றார். "இது பதினாறு லிட்டரு. எவ்வளவு போடட்டும்?"

வண்டு இல்லை. காது அமைதியாக இருந்தது. வாயைத் திறந்தாள்.

"நூத்தி அறுவது கிராம்!"

இரண்டு குரல் சேர்ந்து கேட்டது. மேனகாவும் சொல்லியிருந்தாள். கற்றுக்கொண்டு முழுசாக இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லிப்போட்டீங்களே!" என்று மூக்கன் கைதட்டினான்.

அப்பா சிரித்தார். ஒன்றாகத்தான் சொன்னார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். இலக்கியாவுக்குத் தெரியும். மேனகா முந்திவிட்டாள். அரைக்கால் நொடி.